பிடிகொடுக்காத பாட்டுக்காரர்: பாப் டிலனின் வரிகளும் அவற்றுக்கு உரை தேடியவர்களும்

நியூயார்க்கின் கார்னகி அரங்கில் 1962 செப்டம்பர் 22 அன்று பல பாடகர்கள் பங்கேற்ற நாட்டுப்புறப் பாடல் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. பீட் சீகர் முன்னின்ற அந்த மேடையில் 21 வயது பாப் டிலனும் ஏறி, புதிதாக எழுதியிருந்த நீண்ட பாட்டு ஒன்றைப் பாடினார். ‘எ ஹார்ட் ரெய்ன்ஸ் எ-கானா ஃபால்’ என்ற அந்தப் பாட்டு, உலகைச் சுற்றிவிட்டு வந்த மகனிடம் என்ன கண்டாய், என்ன கேட்டாய் என்று விசாரிப்பதாக அமைந்தது. ஒவ்வொரு பதிலின் முடிவிலும் ஒரு கொடுமழை வரப்போவதாக எச்சரிக்கை.

அடுத்த ஆண்டு மே மாதம் அது இசைத்தட்டில் வெளிவந்தது. உறையில் அச்சான குறிப்பில், கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது எழுதிய பாட்டு இது என்று டிலன் சொல்லியிருந்தார். ஒவ்வொரு வரியும் ஒரு தனிப் பாட்டின் தொடக்கமாம். அத்தனை பாட்டையும் எழுதி முடிக்க உயிரோடு இருப்போமா என்ற சந்தேகத்தில் எல்லாவற்றையும் ஒன்றுக்குள் அடைத்துவிட்டாராம். கேட்டவர்கள் உருகிப்போனார்கள். அணுகுண்டு யுகத்தின் பாட்டு என்ற பெயர் அதற்கு நிலைத்தது. ஆனால், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதை அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் அறிவித்த நாள் அக்டோபர் 22. பாட்டு அந்த நெருக்கடிக்கு ஒரு மாதம் மூத்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1963-இல் சிகாகோ வானொலியில் ஸ்டட்ஸ் டெர்க்கல் எடுத்த பேட்டியில் இந்த மழை அணுமழையா என்ற பேச்சு வந்தது. அணுமழை இல்லை, வெறும் கொடுமழைதான் என்று அதே டிலன் மறுத்துவிட்டார். உறைக் குறிப்பு ஒரு பக்கம் இழுக்கிறது, வானொலிப் பேட்டி இன்னொரு பக்கம் இழுக்கிறது. இரண்டையும் சொன்னவர் ஒருவரே.

தன் பாட்டைப் பற்றி வாயே திறக்காத பாடலாசிரியர்கள் உண்டு. டிலன் அந்த ரகம் இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேட்டி கொடுத்து வந்திருக்கிறார், முக்கியமான எதிலும் பிடிகொடுக்காமலே. பேசியே மறைப்பது அவருடைய வழி. இப்படிப்பட்ட ஒருவரின் வரிகளுக்குப் பொருள் காணப் புகுந்தவர்கள் இரண்டு பள்ளங்களில் மாறி மாறி விழுந்திருக்கிறார்கள். ஒன்று, அவர் சொன்னதை அப்படியே சாட்சியமாக ஏற்றுக்கொள்வது. மற்றொன்று, அவர் சொல்லாமல் விட்டதைத் தாங்களே இட்டு நிரப்புவது. இரண்டிலுமே பாட்டு பின்னால் போய், ஆள் முன்னால் வந்துவிடுகிறார்.

மறைப்புப் பழக்கம் தொடக்கத்திலேயே தொற்றிக்கொண்டது. 1941-இல் மினசோட்டாவின் டுலூத் நகரில் ராபர்ட் ஸிம்மர்மன் என்ற பெயரில் பிறந்து, இரும்புச் சுரங்க ஊரான ஹிப்பிங்கில், நடுத்தர யூதக் குடும்பத்தில் வளர்ந்த பையன் அவர். 1961 தொடக்கத்தில் நியூயார்க் வந்து சேர்ந்ததும் கதை மாறியது. வீட்டைவிட்டு ஓடிப்போனதாகவும், கேளிக்கைக் கூட்டத்தோடு ஊர் ஊராகத் திரிந்ததாகவும், நியூ மெக்சிகோவில் வளர்ந்ததாகவும் கேட்டவர்களிடமெல்லாம் அளந்துவிட்டார். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தின் விளம்பர அதிகாரியும் அதைத்தான் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் அவரை முதன்முதலாகப் பாராட்டி எழுதிய ராபர்ட் ஷெல்டன், இந்த இளைஞர் தன் பூர்வீகம் பற்றித் தெளிவாக எதுவும் சொல்வதில்லை என்பதைக் கவனித்திருந்தார். எங்கிருந்து வந்தார் என்பதைவிட எங்கே போகிறார் என்பதுதான் முக்கியம் என்று அதைக் கடந்தும் போனார். எல்லோரும் அவரைப் போலப் பெருந்தன்மையாக இருக்கவில்லை.

1963 நவம்பர் 4 தேதியிட்ட ‘நியூஸ்வீக்’ குட்டை உடைத்தது. பெற்றோரோடு தொடர்பே இல்லை என்று டிலன் சொல்லிக்கொண்டிருக்க, மகனின் கார்னகி அரங்கக் கச்சேரியைப் பார்க்க அவர்கள் நியூயார்க்குக்கே வந்திருந்ததை அந்த இதழ் அம்பலப்படுத்தியது. ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ பாட்டை எழுதியது நியூ ஜெர்சிப் பள்ளி மாணவன் ஒருவன் என்ற வதந்தியையும் சேர்த்து அச்சிட்டது. அந்த வதந்தி பச்சைப் பொய் என்பது பின்னர் அந்த மாணவர் வாயாலேயே உறுதியானது. ஆனால் டிலன் மனத்தில் ஏதோ ஒரு கதவு அன்றைக்கே சாத்திக்கொண்டது. அதன் பிறகு பத்திரிகையாளர் சந்திப்புகள் அவருக்கு விளையாட்டு மேடை ஆயின. 1965 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில், உங்களைப் பாடகர் என்று கருதுகிறீர்களா, கவிஞர் என்றா என்று கேட்டதற்கு, ஆடிப்பாடும் கலைஞன் என்று சொல்லிச் சிரித்தார். அதே மாதம் லாஸ் ஏஞ்சலிசில், எதிர்ப்புப் பாடகர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒருவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு விசாரித்தார். 136 பேர் என்றார் டிலன், கொஞ்சம் யோசித்து, 136 அல்லது 142 என்று திருத்தினார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான், 1965 நவம்பர் 22 அன்று, சாரா லௌண்ட்ஸை அவர் திருமணம் செய்திருந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறு பிப்ரவரியில் அதை ‘நியூயார்க் போஸ்ட்’ இதழில் வெளியிட்டவர் பிற்காலத்தில் திரைக்கதை ஆசிரியராகப் பெயர்பெற்ற நோரா எஃப்ரான்.

கதவைச் சாத்தினால் சாவித் துவாரத்தில் கண் வைப்பவர்கள் வரத்தானே செய்வார்கள். ஏ. ஜே. வெபர்மன் அவர்களில் உச்சம். ‘டிலனாலஜி’ என்று ஒரு துறையையே உண்டாக்கியவர் அவர். வரிகளையெல்லாம் கணினியில் ஏற்றிச் சொல்லடைவு தயாரித்தார்; ஒவ்வொரு சொல்லுக்கும் மறைபொருள் கற்பித்தார்; டிலன் ஹெராயினுக்கு அடிமை என்பதற்கும் புரட்சியைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்பதற்கும் பாட்டிலேயே சான்று இருப்பதாக வாதிட்டார். அதுவும் போதாமல், கிரீனிச் வில்லேஜில் டிலன் குடியிருந்த வீட்டு வாசலில் இருந்த குப்பைத் தொட்டியைக் கிளறினார். 1971 மே மாதம் டிலனின் 30-ஆவது பிறந்தநாளையொட்டி அந்தத் தெருவில் ஆட்களைத் திரட்டி ஆர்ப்பாட்டமே நடத்தினார். பிறந்தநாள்காரரோ அன்று ஜெருசலேமின் மேற்குச் சுவர் அருகே நின்றுகொண்டிருந்தார். அங்கே எடுத்த புகைப்படம் பின்பு பத்திரிகைகளில் வந்தது.

வெபர்மனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவது எளிது. அவர் செய்த வேலையின் நாகரிக வடிவத்தைத்தான் மதிப்புக்குரிய விமர்சகர்கள் பலரும் செய்தார்கள் என்பதை ஒப்புக்கொள்வதுதான் சங்கடம். குப்பைத் தொட்டிக்குப் பதிலாக விவாகரத்து வழக்கு, மருத்துவமனைச் செய்தி, பழைய காதலியின் நினைவுக் குறிப்பு. கருவிதான் வேறு, கேள்வி ஒன்றுதான்: இந்தப் பாட்டு யாரைப் பற்றியது?

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. குறுந்தொகையில் ‘நான்’ என்று பேசுவது கபிலர் இல்லை, தலைவி என்று நாம் படிக்கத் தொடங்கும்போதே கற்றுக்கொள்கிறோம். பாட்டின் அடியிலேயே அது யாருடைய கூற்று என்ற குறிப்பு நிற்கிறது. அகத்திணையில் ஒருவருடைய பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. நெடுநல்வாடையின் மையம் தலைவனைப் பிரிந்த அரசியின் துயரம்தான்; ஆனாலும் வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருப்பதாக வரும் ஒரே ஒரு குறிப்பு பாண்டியனைக் காட்டிக்கொடுத்துவிடுவதால் அது புறம் என்று தீர்ப்புச் சொன்னார் நச்சினார்க்கினியர். உரையாசிரியருக்கு இதில் இருக்கும் கறார்த்தனம் வியப்பூட்டுவது. அடையாளம் தெரிந்தால் படிக்கும் முறையே வேறு. தெரியாவிட்டால் அந்தத் துயரம் எவருடையதாகவும் இருக்கலாம். அமெரிக்க ராக் இசை விமர்சனத்துக்கு இப்படி ஒரு விதி கிடையாது. அங்கே ‘நான்’ என்றால் பாடுகிறவர்தான். 1960-களிலிருந்து பாடகரே எழுதிப் பாடும் வழக்கம் பெருகப் பெருக, அந்த எண்ணமும் இறுகிப்போனது. அதற்கு மிகப் பெரிய காரணமாக இருந்த டிலனே அதற்கு மிகப் பெரிய பலியும் ஆனார் என்பதுதான் வேடிக்கை.

1975 ஜனவரியில் வெளிவந்த ‘ப்ளட் ஆன் த ட்ராக்ஸ்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளலாம். டிலன் வரிகளின் பொருள் பற்றிய தகராறு முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. திருமணம் ஆட்டம் கண்டிருந்த நேரம். இரண்டு ஆண்டுகளில் விவாகரத்து. பாட்டுகளிலோ பிரிவு, கோபம், ஏக்கம், மன்னிப்பு. கேட்டவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டதில் வியப்பில்லை. ஆல்பம் வெளிவந்த சில மாதங்களில் பாடகி மேரி ட்ராவர்ஸ் எடுத்த வானொலிப் பேட்டியில், அப்படிப்பட்ட வேதனையை மக்கள் ரசிப்பது தனக்குப் புரியவில்லை என்று டிலனே சொல்லிவிட்டார். ஒப்புதல் வாக்குமூலம் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். 2004-இல் அவர் எழுதிய ‘க்ரானிக்கிள்ஸ்’ நினைவுநூல் வந்தது. செகாவின் சிறுகதைகளை அடிப்படையாக வைத்துத் தான் ஓர் ஆல்பமே செய்ததாகவும் விமர்சகர்கள் அதைத் தன்வரலாறாக எடுத்துக்கொண்டதாகவும் அதில் போகிற போக்கில் ஒரு குறிப்பு. எந்த ஆல்பம் என்று பெயர் சொல்லவில்லை. பெயர் சொன்னால் அவர் டிலனா?

செகாவா, சாராவா? இந்தக் கேள்விக்கு அவர் வாயிலிருந்து விடை வராது, வந்தாலும் நம்புவதற்கில்லை. ஆனால் பாட்டு உருவான விதம் கொஞ்சம் பேசுகிறது. 1974 செப்டம்பரில் நியூயார்க்கில் முழு ஆல்பமும் பதிவானது. டிசம்பரில், தம்பி டேவிட் சொன்ன யோசனைப்படி, மினியாபொலிசில் உள்ளூர் இசைக்கலைஞர்களை வைத்துப் பத்தில் ஐந்து பாட்டுகளை மறுபடியும் பாடினார். ‘டேங்கிள்ட் அப் இன் ப்ளூ’ பாட்டின் நியூயார்க் வடிவம் ‘அவன்’ என்று படர்க்கையில் தொடங்குகிறது. மினியாபொலிசில் அந்த ‘அவன்’ ‘நான்’ ஆகிவிட்டான். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1984 ஐரோப்பியக் கச்சேரிகளில், பாதி வரிகளை மாற்றியெழுதி மறுபடியும் ‘அவன்’ என்றே பாடினார். ஆல்பம் உருவான நாள்களில் ஓவியர் நார்மன் ரேபனிடம் பாடம் கேட்டதும், நேற்று இன்று நாளை மூன்றையும் ஒரே சட்டத்தில் பார்க்கும் முயற்சிதான் அந்தப் பாட்டு என்று டிலன் சொல்லிவந்ததும் இதோடு ஒத்துப்போகின்றன. சொந்த வாழ்க்கையைக் கொட்டுகிறவர் தன்மையையும் படர்க்கையையும் இப்படி மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். கதையை யார் சொன்னால் எடுபடும் என்று சோதிக்கிற கதாசிரியர்தான் அதைச் செய்வார்.

‘இடியட் விண்ட்’ இதைவிடக் கூர்மையான சான்று. நியூயார்க் பதிவில் அது தாழ்ந்த குரலில் புண்பட்டுப் பேசும் பாட்டு. மினியாபொலிசில் சீறிப் பாய்கிறது. இரண்டுக்கும் இடையே மூன்று மாதம்தான். அந்த மூன்று மாதத்தில் மனைவி மேல் இருந்த வருத்தம் ஆத்திரமாக மாறியது என்று தன்வரலாற்று வாசகர் விளக்குவார். சிற்றேடுகளில் இருக்கும் கையெழுத்து வேறு விஷயத்தைக் காட்டுகிறது. இந்த ஆல்பத்துக்காக டிலன் எழுதிய சிறிய குறிப்பேடுகளில் ஒன்று நியூயார்க்கின் மார்கன் நூலகத்திலும் வேறு இரண்டு ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. அடித்து, திருத்தி, மாற்றுச் சொல் போட்டு, வரியை வேறு பாட்டுக்கு நகர்த்தி எழுதிய பக்கங்கள் அவை. வேதனை உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் தெரிவது தச்சு வேலை.

அவர் உண்மையிலேயே காவலைத் தளர்த்திய சந்தர்ப்பங்களும் உண்டு. அவை பாட்டுக்கு நன்மை செய்யவில்லை. 1964-இல் வந்த ‘பாலட் இன் ப்ளெய்ன் டி’ காதலி சூஸ் ரோட்டலோவோடு நடந்த பிரிவை, அவருடைய அக்காவை வசைபாடும் அளவுக்கு, மறைக்காமல் சொல்லும் பாட்டு. எட்டு நிமிடம் ஓடியும் அதில் டிலனின் மேதைமை எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பாட்டை எழுதாமலே விட்டிருக்கலாம் என்று இருபது ஆண்டுகள் கழித்து அவரே வருந்தினார்.

‘சாரா’ இன்னும் சிக்கலானது. 1976 ஜனவரியில் ‘டிசையர்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக வந்தது. மனைவியின் பெயரே தலைப்பு. வேப்பந்தழை ஒளித்துக் கட்டப்படவில்லை, ஊரறிய நட்டுவைத்திருந்தார். பத்து ஆண்டுகளுக்கு முந்தைய ‘ஸேட்-ஐட் லேடி ஆஃப் த லோலாண்ட்ஸ்’ பாட்டை நியூயார்க்கின் செல்சி ஹோட்டலில் பல நாள் தூங்காமல் சாராவுக்காக எழுதியதாக இந்தப் பாட்டு உரிமை கோருகிறது. இதைப் பலர் வரலாறாகவே குறித்துக்கொண்டார்கள். ஆனால் 1966 பிப்ரவரியில் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்த இசைக்கலைஞர்கள் சொல்வது வேறு. டிலன் மணிக்கணக்கில் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார், அவர்கள் சீட்டாடிக் காத்திருந்தார்கள், விடியற்காலை நான்கு மணிவாக்கில் அந்தப் பாட்டு பதிவானது. எங்கே முடியும் என்று தெரியாமலே பதினோரு நிமிடத்துக்கு மேல் வாசித்தார்கள். ஹோட்டலில் தொடங்கி ஒலிப்பதிவுக் கூடத்தில் முடித்திருக்கலாம் என்று சமாதானம் சொல்ல இடமிருக்கிறது. இருந்தாலும், ஒளிவுமறைவே இல்லாதது என்று பேரெடுத்த பாட்டிலும் ஒரு புனைவு நுழைந்திருக்க வாய்ப்பிருக்கிறது. மனைவியை மனம் மாற்ற எழுதிய பாட்டில் கணவர் கொஞ்சம் மிகைப்படுத்தினார் என்றும் சொல்லலாம்.

இந்தக் காவல் மனிதரை மட்டும்தான் பாதுகாத்ததா என்றால், இல்லை. ரசிகர்களுக்கும் அது சௌகரியமாக இருந்தது. 1979-இல் அது வெளிச்சமானது. அந்த ஆண்டு கிறிஸ்தவ நம்பிக்கையைத் தழுவிய டிலன், ‘ஸ்லோ ட்ரெய்ன் கமிங்’ ஆல்பத்தில் தான் எதை நம்புகிறார் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பாடினார். நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்டு அரங்கில் வரிசையாகப் பதினான்கு கச்சேரிகள். பழைய பாட்டு ஒன்றுகூடக் கிடையாது, நடுநடுவே உபதேசம் வேறு. பொருள் சொல்லுங்கள் என்று பதினைந்து ஆண்டுகளாகக் கேட்டுவந்தவர்களுக்குப் பொருள் கிடைத்தது. அவர்கள் கூச்சல் போட்டார்கள். எழுந்து போனவர்களும் உண்டு. ஜான் லெனன் எதிர்ப்பாட்டே எழுதினார். டிலன் எதையும் சொல்லாமல் இருந்தவரை ஒவ்வொருவரும் தங்கள் நம்பிக்கையை அவர் பாட்டுக்குள் வைத்துக்கொள்ள முடிந்தது. போராட்டக்காரருக்கு அவர் போராளி, போதைக்காரருக்குச் சக பயணி, பேராசிரியருக்குக் கவிஞர். அவர் வாயைத் திறந்து ஒன்றைச் சொன்னதும் மற்ற எல்லாரும் வீடிழந்தவர்கள் ஆனார்கள்.

வாழ்க்கையை வைத்துப் பாட்டை விளக்குவது எவ்வளவு தூரம் தடம்புரளும் என்பதற்கு 1997 ஒரு பாடம். அந்த ஆண்டு மே மாதம் டிலன் இதய உறையைத் தாக்கிய பூஞ்சைத் தொற்றால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்; உயிருக்கே ஆபத்து என்று செய்தி பரவியது. செப்டம்பர் 30 அன்று ‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’ வந்தது. முதுமையும் மரணமும் நிழலாடும் பாட்டுகள். சாவின் விளிம்பைத் தொட்டுவிட்டு வந்தவரின் குரல் என்று பலரும் எழுதினார்கள். அந்தப் பாட்டுகள் பதிவானது ஜனவரியில், மயாமியில். நோய் வந்தது நான்கு மாதம் கழித்து. வேறொரு செய்தியும் பின்னால்தான் தெரியவந்தது. டிலன் 1986-இல் பின்னணிப் பாடகி கேரலின் டெனிஸை மணந்திருந்தார், அவர்களுக்கு ஒரு மகளும் இருந்தாள், 1992-இல் விவாகரத்தும் ஆகிவிட்டது. ஹவர்டு சவுன்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு 2001-இல் வெளிவரும்வரை ரசிக உலகத்துக்கு இதில் எதுவும் தெரியாது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் வந்த காதல் பாட்டுகளுக்கெல்லாம், டிலன் தனியாக வாழ்கிறார் என்ற எண்ணத்தில், வாழ்க்கை விளக்கம் எழுதியவர்களின் நிலையை நினைத்துப் பார்க்கலாம்.

பிறகு வந்த கண்டுபிடிப்பு அந்த வாசிப்பு முறையின் அடித்தளத்தையே ஆட்டியது. 2001 செப்டம்பர் 11 அன்று வெளியான ‘லவ் அண்ட் தெஃப்ட்’ ஆல்பத்தில் தன் தந்தையைப் பற்றியும் தன் குணத்தைப் பற்றியும் ‘நான்’ பேசுகிற வரிகள் சில, ஜப்பானிய மருத்துவர் ஜுனிச்சி சாகா எழுதிய ‘ஒரு யாகுசாவின் வாக்குமூலம்’ என்ற நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஏறத்தாழ அப்படியே இருப்பதை 2003-இல் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ வெளியிட்டது. டோக்கியோ நிழலுலகச் சூதாடி ஒருவர் சாகும் தறுவாயில் தன் மருத்துவரிடம் சொன்ன கதை அது. சாகா கோபப்படவில்லை, பெருமைப்பட்டார். 2006-இல் ‘மாடர்ன் டைம்ஸ்’ வந்ததும், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலக் கவிஞர் ஹென்றி டிம்ராடின் சொற்றொடர்களும், ரோமக் கவிஞர் ஓவிட் நாடுகடத்தப்பட்டபோது எழுதிய கவிதைகளின் எதிரொலியும் அதில் இருப்பதை வாசகர்கள் கண்டெடுத்தார்கள். ‘க்ரானிக்கிள்ஸ்’ நினைவுநூலிலேயே ஜாக் லண்டன் வாக்கியங்களின் துணுக்குகள் கிடைத்தன. தன்வரலாறு என்று அட்டையில் போட்ட நூலிலும் பிறர் சொற்கள்!

இதைத் திருட்டு என்று சிலர் கொதித்தார்கள். அந்தச் சண்டைக்கு இங்கே இடமில்லை. வாசிப்புக்கு இதிலிருந்து கிடைப்பது பெரிய லாபம். டிலனுடைய ‘நான்’ ஒருவருடைய ‘நான்’ அல்லவென்றால், ஆளைத் துரத்துவதைவிட வரி எங்கிருந்து வந்தது என்று தேடுவது பயன்தரும். கொடுமழைப் பாட்டின் கேள்வி-பதில் வடிவம் ‘லார்ட் ரேண்டல்’ என்ற பழைய ஸ்காட்டிய கதைப்பாடலுடையது. அங்கே தாய் கேட்கக் கேட்க, மகனுக்கு விஷம் கொடுக்கப்பட்டது மெல்லத் தெரியவருகிறது. அதை அறிந்தவருக்கு டிலனின் பாட்டில் வரும் மகனும் ஏற்கெனவே விஷம் உண்டவனாகத் தெரிவான். கியூபாவைவிட இது பாட்டுக்குள் ஆழமாகக் கூட்டிப் போகிறது. ‘ப்ளோயிங் இன் த விண்ட்’ மெட்டு ‘நோ மோர் ஆக்‌ஷன் பிளாக்’ என்ற அடிமைகளின் பாட்டிலிருந்து பிறந்தது என்பதும் அப்படித்தான். அந்தக் கேள்விகளை யார் குரலில் கேட்கிறார் என்பது மெட்டிலேயே இருக்கிறது. விமர்சகர் கிறிஸ்டஃபர் ரிக்ஸ் 2003-லும் ஹார்வர்டின் லத்தீன் பேராசிரியர் ரிச்சர்ட் தாமஸ் 2017-லும் எழுதிய நூல்கள் இந்த வழியில் போகின்றன. ரிக்ஸ் சில இடங்களில் எதுகையைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் போய்விடுகிறார் என்றாலும், அவர் நம்மைப் பாட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

மறைப்பு என்றால் எல்லாம் ஒரே சரக்கு இல்லை. கார்லி சைமன் 1972-இல் ‘யூ ஆர் ஸோ வெய்ன்’ பாட்டை யாரைப் பற்றி எழுதினார் என்பது நாற்பது ஆண்டுகளுக்கு மேல் புதிராகவே இருந்தது. 2003-இல் ஒரு தொண்டு ஏலத்தில் அந்த ரகசியத்தை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள என்பிசி விளையாட்டுப் பிரிவின் தலைவர் 50,000 டாலர் கொடுத்தார். 2015-இல், இரண்டாம் சரணம் நடிகர் வாரன் பீட்டி பற்றியது என்று சைமனே சொல்லிவிட்டார். பூட்டுக்கு ஒரு சாவி இருந்தது, திறந்ததும் ஆர்வமும் குறைந்தது. ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக் இதற்கு நேர் எதிர். கூச்ச சுபாவத்தின் கடைசி எல்லையில் வாழ்ந்தவர். மூன்று ஆல்பங்கள், அச்சில் வந்தது ஒரே ஒரு பேட்டி. வளர்ந்த பிறகு அவர் நடமாடும் படச்சுருள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1974-இல் 26 வயதில் மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டதால் இறந்தார். டிலனாவது கதை சொல்லி மறைத்தார், டிரேக் விட்டுச்சென்றது வெற்றிடம். அதை அவருடைய மரணம் நிரப்பிவிட்டது. செத்த பிறகுதான் புகழ் பழுக்கும் என்று பேசும் ‘ஃப்ரூட் ட்ரீ’ பாட்டைத் தீர்க்கதரிசனமாகவே இன்று கேட்கிறார்கள். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்த இருபது வயது மாணவர், அந்த இலக்கியத்தில் நூறு முறை வந்த கருத்தைத் தன் கைவரிசையில் எழுதிப் பார்த்தார் என்று எண்ண யாருக்கும் மனம் வருவதில்லை.

2016 அக்டோபர் 13 அன்று டிலனுக்கு இலக்கிய நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. இரண்டு வாரம் அவரிடமிருந்து பதிலே இல்லை. மரியாதையற்ற, ஆணவமான போக்கு என்று ஸ்வீடிஷ் அகாதமி உறுப்பினர் ஒருவர் வெளிப்படையாகக் கடிந்துகொண்டார். அந்த மௌனத்துக்கும் உரைகள் கிளம்பின: பணிவு, அலட்சியம், எதிர்ப்பு, மறதி. விழாவுக்கு அவர் போகவில்லை. அவருக்காகப் பாடகி பாட்டி ஸ்மித் பாடினார். மறு ஆண்டு ஜூனில், கெடுவுக்குச் சில நாள் முன்னதாக, உரையை ஒலிவடிவில் அனுப்பினார். ஒரு பாட்டு மனத்தைத் தொட்டால் போதும், அதன் பொருளைத் தான் அறிந்திருக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். இதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இவ்வளவு திருத்தி எழுதுகிறவர் பொருளைப் பற்றிக் கவலைப்படாதவராக இருக்க முடியாது. பேட்டி, நினைவுநூல், நோபல் உரை எல்லாமே அவர் இயற்றிய படைப்புகள். அவற்றையும் பாட்டைப் போலவே வாசிக்க வேண்டும், பாட்டுக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றக் கூடாது.

வாழ்நாளெல்லாம் பிடிகொடுக்காத மனிதர், தன் காகிதங்களை 2016-இல் விற்றுவிட்டார் என்பது இந்தக் கதையின் எதிர்பாராத திருப்பம். ஜார்ஜ் கைசர் குடும்ப அறக்கட்டளை வாங்கிய அந்தச் சேகரம் டல்சாவில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. பொதுமக்களுக்கான பாப் டிலன் மையம் 2022 மே மாதம் திறந்தது. 1989 ஆல்பத்துக்காக எழுதப்பட்டு அதில் சேராமல் போன ‘டிக்னிட்டி’ பாட்டுக்கு மட்டும் 40-க்கும் மேற்பட்ட பக்கங்களில் வரைவுகள் இருக்கின்றன. ஆளைப் பற்றித் துப்பு தேடிப் போகிறவர்களுக்கு அங்கே ஏமாற்றம்தான். ஒரு சொல் ஏன் போனது, வேறொன்று ஏன் வந்தது என்று கேட்கிறவர்களுக்கோ பல ஆண்டு வேலை காத்திருக்கிறது.

டல்சாவுக்குப் போக முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ‘ப்ளட் ஆன் த ட்ராக்ஸ்’ பதிவுகள் பெரும்பாலும் முழுமையாக 2018-இல் ‘மோர் ப்ளட், மோர் ட்ராக்ஸ்’ என்ற தொகுப்பாக வெளிவந்துவிட்டன. ‘இடியட் விண்ட்’ பாட்டின் நியூயார்க் வடிவத்தையும் மினியாபொலிஸ் வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அது யாரைப் பற்றியது என்ற கேள்வியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.